கரடியின் அண்மைப்படமும் கரடிக்கு விட வேண்டிய தூரமும்

காட்டுக் கரடியின் முகம் ஃபிரேம் முழுவதையும் நிறைக்கும்படி ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை, காட்டுயிர் ஒளிப்படத்தில் இறங்கிய பெரும்பாலோருக்கு உண்டு. அந்த ஆசையில் தவறில்லை. அந்த நெருக்கத்தை லென்ஸாலும் பொறுமையாலும் பெறுகிறோமா, அல்லது கரடியை நோக்கி நடந்து பெறுகிறோமா என்பதில்தான் அறம் தொடங்குகிறது. நடந்து பெறும் படத்துக்கான விலையைப் பெரும்பாலும் கரடியே செலுத்துகிறது என்பதால், அதைத் தவிர்க்கும் வழிகளை இங்கே சொல்கிறேன்.

செல்லும் இடத்தின் தூர விதியைப் புறப்படுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடியிடமிருந்து 100 கெஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் அது 300 கெஜம். சால்மன் மீனுக்காகக் கரடிகள் கூடும், அதே அலாஸ்காவின் கட்மாய் பூங்காவில் 50 கெஜம். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் பனிக்கரடிக்கு 300 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை அது 500 மீட்டர் என்றும் 2025 ஜனவரி 1 முதல் விதி நடப்பில் உள்ளது. இவையெல்லாம் குறைந்தபட்ச அளவுகள் மட்டுமே. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய பழுப்புக் கரடிக்கு 91 மீட்டர் என்பது ஆறேழு விநாடித் தொலைவு.

அவ்வளவு தள்ளி நின்றால் படம் கிடைக்காது என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்ட விரும்புகிறேன். 2 மீட்டர் நீளமுள்ள கரடி ஒன்று 91 மீட்டருக்கு அப்பால் பக்கவாட்டில் நிற்கிறது என்றால், 500 மில்லிமீட்டர் லென்ஸ் அதன் உருவத்தைச் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் பகுதியில்) சுமார் 11 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பதிக்கும். முழு ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர் என்பதால், படத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கரடி நிறைக்கும். சென்சார் 24 மில்லிமீட்டர் அகலமுள்ளதாக இருந்தால் ஏறக்குறைய பாதி. இதற்கு மேல் நெருக்கம் வேண்டுமென்றால் லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வர்ட்டர் என்ற துணை லென்ஸைப் பொருத்தலாம், அல்லது பிறகு படத்தின் ஓரங்களை வெட்டி க்ராப் செய்துகொள்ளலாம். கைபேசி மட்டும் வைத்திருப்பவர் கரடியையும் அது வாழும் வெளியையும் சேர்த்து எடுப்பதே நல்லது. உண்மையைச் சொன்னால், அத்தகைய படங்களே என்னை நெடுநேரம் பார்க்க வைக்கின்றன.

விதியில் சொன்ன தூரத்தில் நின்றுவிட்டால் போதும் என்றும் எண்ணிவிட முடியாது. நீங்கள் வந்ததால் கரடி தான் செய்துகொண்டிருந்ததை மாற்றிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த கரடி தலையைத் தூக்கி உங்களையே உற்றுப் பார்த்தாலோ, மீன் பிடித்துக்கொண்டிருந்த இடத்தை விட்டு நகர்ந்தாலோ, குட்டிகளை அருகே அழைத்துக்கொண்டாலோ நீங்கள் ஏற்கெனவே அளவு மீறி நெருங்கிவிட்டீர்கள். கொட்டாவி விடுவது, வாயில் எச்சில் வடிவது, மூச்சைச் சீறி வெளியேற்றுவது, தாடைகளை அடித்து ஒலி எழுப்புவது ஆகியவை பதற்றத்தின் அடுத்த படிகளாக இருக்கலாம். அந்தக் கொட்டாவியைச் சோம்பலாகவும் அந்தப் பார்வையைக் கம்பீரமாகவும் தலைப்பிட்டுப் பகிரும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. அறிகுறி தெரிந்ததும் படமெடுப்பதை நிறுத்திவிட்டு, ஓடாமல், தாழ்ந்த குரலில் பேசியபடியே மெல்லப் பின்வாங்க வேண்டும்.

எந்த அறிகுறியும் தெரியாதபோதும் கரடி அமைதியாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளின் உடலில் இதயத்துடிப்பு அளவிகளைப் பொருத்தி, அவற்றுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுச் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. பெரும்பாலான கரடிகள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் அவற்றின் இதயத்துடிப்பு எகிறியது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 41 ஆக இருந்த துடிப்பு 162 ஆனது. கரடி அசையாமல் நின்றதையே அதன் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கரடிக்கு மேல் ட்ரோன் வேண்டாம். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு மேல் அறவே வேண்டாம். 2018-இல் ரஷ்யாவின் மகதான் பகுதியில் ட்ரோனால் எடுத்த காணொளி ஒன்று உலகமெங்கும் பரவியது. செங்குத்தான பனிச்சரிவில் தாய் ஏறிவிட, குட்டி மீண்டும் மீண்டும் சறுக்கி விழுந்து, கடைசியில் மேலே போய்ச் சேர்கிறது. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு என்று பலர் அதைப் பகிர்ந்தார்கள். கூர்ந்து பார்த்தால், குட்டி தாயை எட்டப்போகும் கணத்தில் கேமரா சட்டென்று நெருங்குவதும், தாய் மேலே பார்த்துக் கையை வீசுவதும், குட்டி வெகுதூரம் சறுக்கிப் போவதும் தெரியும். அவ்வளவு ஆபத்தான சரிவில் அவை ஏறியதற்கே அந்த ட்ரோன் காரணமாக இருந்திருக்கலாம் என்று காட்டுயிர் ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

நெருங்குவதால் வரும் கேடு படமெடுப்பவரோடு நிற்பதில்லை. 2012 ஆகஸ்டில் டெனாலியில் தனியாக நடைப்பயணம் சென்ற ஒருவர், மேய்ந்துகொண்டிருந்த பழுப்புக் கரடி ஒன்றை விதித்த தூரத்துக்கு வெகு உள்ளே நின்று பல நிமிடங்கள் படமெடுத்திருக்கிறார் என்பதை அவருடைய கேமராவில் இருந்த படங்கள் காட்டின. கரடி அவரைக் கொன்றது; பிறகு அந்தக் கரடியும் சுட்டுக் கொல்லப்பட்டது. அதற்கு முன்பு மனிதரைக் கரடி கொன்றதாகப் பதிவே இல்லாத பூங்கா அது.

உணவைக் காட்டி வரவழைப்பதற்கு எந்தச் சூழலிலும் நியாயம் இல்லை. மனிதரைக் கண்டு பழகிய கரடி வேறு, மனிதரிடம் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட கரடி வேறு. இரண்டாவது கரடி கூடாரங்களையும் வீடுகளையும் தேடி வரத் தொடங்கும். பெரும்பாலும் அதன் முடிவு துப்பாக்கிதான். முதலாவதற்கு அலாஸ்காவின் மெக்நீல் ஆறு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1973 முதல் குலுக்கல் முறையில் அனுமதி வழங்கி, நாளொன்றுக்குப் பத்துப் பேரை மட்டுமே வழிகாட்டியோடு அழைத்துச் செல்கிறார்கள். அவர்கள் ஒரே வழியில் நடந்து, ஒரே இடத்தில் அமர்ந்து, உணவைக் கரடிக்கு எட்டாதபடி வைத்துக்கொள்கிறார்கள். மனிதர் என்ன செய்வார் என்பது தெரிந்துவிட்டதால் கரடிகள் தாமாகவே அவர்களுக்கு மிக அருகில் நடந்து செல்கின்றன. இத்தனை ஆண்டுகளில் கரடியால் அங்கே யாருக்கும் காயம் ஏற்பட்டதில்லை. எவ்வளவு நெருங்குவது என்பதைக் கரடியே முடிவு செய்யும் இப்படிப்பட்ட அண்மைப்படத்தில் எனக்கு மறுப்பே இல்லை.

மற்ற இடங்களிலும் இதையே முடிந்தவரை பின்பற்றலாம். திறந்த இடத்தில், கரடிக்கு நீங்கள் முன்பே தெரியும்படி இருங்கள். மறைந்து ஊர்ந்து போய்த் திடுக்கிட வைக்காதீர்கள். அது போகும் பாதையிலோ, தாய்க்கும் குட்டிக்கும் இடையிலோ, அது பிடித்த மீனுக்கோ விழுந்த இரைக்கோ அருகிலோ நிற்காதீர்கள். முகத்தைத் திருப்ப வைப்பதற்காகச் சீட்டி அடிக்காதீர்கள். நேரத்துக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால உறக்கத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கக்கூடிய விலங்கு, அதற்கு முந்தைய மாதங்களில் நாளின் பெரும்பகுதியை உண்பதிலேயே கழிக்கிறது. உங்களால் அது மேய்ச்சலை விட்ட ஒவ்வொரு நிமிடமும் குளிர்காலத்துக்கான அந்தக் கொழுப்புச் சேமிப்பிலிருந்து குறைகிறது. சாலையோரக் கரடியைச் சுற்றி ஏற்கெனவே வண்டிகள் குவிந்திருந்தால் நிறுத்தாமல் கடந்து செல்லுங்கள்.

படத்தை வெளியிடும்போது படத்தோடு பதிவாகும் இடத்தின் துல்லியமான ஜிபிஎஸ் குறியீட்டை நீக்கிவிடுங்கள். குட்டிகள் இருக்கும் இடமென்றால் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். கூண்டில் வளர்ந்த கரடியை எடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். லென்ஸின் நீளம், நின்ற தூரம், க்ராப் செய்த அளவு ஆகிய மூன்றையும் விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள். உங்கள் படத்தைப் பார்த்து அதே போல எடுக்க நினைத்துக் கிளம்பும் அடுத்தவர், அது பத்து மீட்டரில் நின்று எடுத்தது என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது.