துளையிட்டு ஆய்வு செய்ய வழியில்லாத இடத்தில் மலைச்சாலைப் பாறையை விழாமல் நிறுத்துவது எப்படி?

பெரிய நெடுஞ்சாலைத் திட்டம் என்றால் பாறையைத் துளைத்து மாதிரி எடுப்பார்கள், ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பார்கள். எஸ்டேட் சாலைக்கும் ஊராட்சிச் சாலைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கையில் இருப்பது ஒரு டேப், ஒரு செல்போன், மழைக்கு முன் முடிக்கச் சொல்லி நச்சரிக்கும் மேலிடம். அப்படி மாட்டிக்கொண்ட இளம் பொறியாளர்களுக்கும் ஓவர்சீயர்களுக்கும்தான் இந்தக் குறிப்பு. உதாரணத்துக்கு நீலகிரியை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்கள் இல்லாதபோது, அந்த எண்களை நம்பாமல் பலன் தரும் வேலைகளை முதலில் செய்ய வேண்டும். பாறையைத் துளைத்துச் செருகி இறுக்கும் போல்ட்டும் கான்கிரீட்டும் அதற்குப் பிறகுதான்.

1. இருக்கும் தகவலைத் திரட்டுங்கள்

தரவே இல்லை என்பது பெரும்பாலும் உண்மையில்லை, சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் தளத்தில் 1:50,000 அளவில் பாறை வரைபடமும் நிலச்சரிவு அபாய வரைபடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் புரட்டினால், மேலே எப்போது மரம் வெட்டினார்கள், எப்போது புதிய கட்டடம் வந்தது என்று தெரியும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மழையில் எங்கெங்கே சரிந்தது என்று அப்போதைய நாளிதழ்களில் தேடுங்கள்.

இதையெல்லாம் விட உருப்படியான தகவல் சாலைப் பணியாளர்களிடம் இருக்கிறது. "எந்த வளைவில் அடிக்கடி கல் அள்ளுவீங்க? எவ்வளவு பெரிய கல்? மழை பெய்யும்போதா, விட்ட பிறகா?" என்று கேளுங்கள். மழை விட்டு ஒரு நாள் கழித்து விழுகிறது என்றால், தண்ணீர் உள்ளே மெதுவாக ஊறி வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

2. எதிரே நிற்பது பாறையா, மண்ணா?

நீலகிரியில் அடிப்படைப் பாறை சார்னோக்கைட். கெட்டியான பாறைதான், ஆனால் மேற்பகுதி மக்கிச் செம்மண்ணாகி, நடுவே மக்காத உருண்டைக் கற்கள் புதைந்து நிற்கும். அந்தக் கல்லுக்குப் போல்ட் அடித்துப் பயனில்லை, போல்ட் பிடித்து நிற்க உள்ளே எதுவுமே இல்லை. அந்த மாவட்டத்தில் மண்ணில் நீண்ட கம்பிகளைச் செருகி, மேலே புல் வளர்க்கும் முறையைப் பார்த்திருப்பீர்கள். அது மண்சரிவுக்கு உரியது. அதைப் பாறை முகத்துக்கு அப்படியே கொண்டுவராதீர்கள்.

3. பிளவுகளை அளங்கள்

பாறை பெரும்பாலும் உடைந்து விழுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் பிளவு வழியாக வழுக்கித்தான் விழுகிறது. அதனால் கல்லின் வலிமையை விடப் பிளவின் சாய்வு முக்கியம். பிளவுத்தளத்தின் மேல் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். அது ஓடும் திசைதான் சரிவுத் திசை. அந்தக் கோடு வழியே செல்போனை வைத்துக் கோணமானிச் செயலியில் சாய்வைப் படியுங்கள். திசைகாட்டியைப் பார்க்கும்போது ஜீப்பும் கடப்பாரையும் தள்ளி இருக்கட்டும், காந்த உறை போட்ட போன் என்றால் உறையைக் கழற்றிவிடுங்கள்.

மூன்று கேள்விகள்: தளம் சாலையை நோக்கிச் சாய்கிறதா? அதன் சாய்வு, வெட்டிய பாறை முகத்தின் சாய்வைவிடக் குறைவா? உராய்வுக் கோணத்தைவிட, அதாவது கல் தானே நழுவத் தொடங்கும் சாய்வைவிட, அதிகமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தக் கல் வழுக்கும் கல். இரண்டு தளங்கள் ஒன்றையொன்று வெட்டி, அந்த வெட்டுக்கோடு சாலையை நோக்கி இறங்கினால் ஆப்பு வடிவில் பெயர்ந்து வரும். ஏறக்குறையச் செங்குத்தாக நின்று மலையை நோக்கிச் சாய்ந்த அடுக்குகள் என்றால் கவிழும்.

உராய்வுக் கோணத்துக்கு ஆய்வகம் தேவையில்லை. அந்தப் பிளவிலிருந்தே பெயர்ந்த இரண்டு துண்டுகளை, பிளவு முகங்கள் தொடுமாறு ஒன்றின் மேல் ஒன்றாகப் பலகையில் வைத்து மெல்லத் தூக்குங்கள். மேல் கல் நழுவும் கோணத்தைக் குறித்துக்கொண்டு, பல தடவை செய்து சராசரி எடுங்கள். சொரசொரப்பு அதிகமாக இருந்தால் கோணம் கூடுதலாகக் காட்டும், அதை அப்படியே நம்ப வேண்டாம். இந்த வகைக் கெட்டிப் பாறையின் மட்டமான முகத்துக்கு 30 பாகையை ஒட்டித்தான் வரும். பிளவுக்குள் களிமண் இருந்தால் இந்தச் சோதனையே செல்லாது, 20-க்கும் கீழே இறங்கலாம்.

4. ஒற்றை எண் வேண்டாம், வரம்பு போடுங்கள்

3 மீ நீளம், 2 மீ அகலம், 1.5 மீ தடிப்புள்ள ஒரு கல். கன மீட்டருக்கு 2.7 டன் வீதம் எடை 24.3 டன். தளம் 40 பாகை சாய்ந்திருக்கிறது. கீழே இழுக்கும் விசை 15.6 டன், தளத்தை அழுத்தும் விசை 18.6 டன். உராய்வு 30 பாகை என்றால் பிடிமானம் 10.7 டன்தான். கணக்குப்படி அது எப்போதோ விழுந்திருக்க வேண்டும்!

ஆனாலும் நிற்கிறது. பிளவில் எங்கோ ஒட்டியிருக்கும் பாறைத் துணுக்கு மீதி 5 டன்னைத் தாங்குகிறது. அந்தத் துணுக்கு எத்தனை மழைக்குத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பாதுகாப்புக் காரணி 1.5 வேண்டும், அதாவது பிடிமானம் இழுக்கும் விசையைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்று வைப்போம். தளத்துக்குச் செங்குத்தாக, இறுக்கிய போல்ட்டால் அழுத்த வேண்டிய விசை இப்படி வரும்: உராய்வு 35 பாகை என்றால் 15 டன், 30 என்றால் 22 டன், 25 என்றால் ஏறக்குறைய 32 டன். 25 மி.மீ. கம்பி ஒன்றுக்கு 15 டன் என்று கணக்கிட்டால், ஒன்றிலிருந்து மூன்று போல்ட் வரை ஆகிறது. சரி, மூன்றே போடுங்கள். ஆய்வக அறிக்கைக்குக் காத்திருப்பதை விட இரண்டு போல்ட் கூடுதலாக அடிப்பது மலிவு.

இதுவரை பிளவு காய்ந்திருப்பதாக வைத்த கணக்கு. தளத்தில் சராசரி ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால் கல்லை 6 டன் தூக்கிவிடும். அதைச் சமாளிக்க இன்னும் 6 டன் போல்ட் வேண்டும், அல்லது ஒரு வடிகால் குழாய்.

5. வேலையின் வரிசை

முதலில் தண்ணீர். சரிவின் உச்சிக்குப் பின்னால் ஒரு காப்பு வாய்க்கால் வெட்டி, அடியில் சிமென்ட் பூசி, பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். பூசாத வாய்க்கால் தண்ணீரைப் பிளவுக்குள்ளேயே இறக்கிவிடும், அதற்கு வெட்டாமலே இருக்கலாம். பிறகு ஈரம் கசியும் இடங்களில், வெளி முனை தாழ்ந்திருக்கும்படி 5 முதல் 10 பாகை மேல்நோக்கித் துளையிட்டு, ஓட்டை போட்ட பிவிசி குழாயைச் செருகுங்கள்.

அடுத்து தளர்ந்த கல்லை இறக்குவது. போக்குவரத்தை இரண்டு பக்கமும் நிறுத்தி, கயிற்றில் தொங்கும் அனுபவசாலி ஆட்களைக் கொண்டு மேலிருந்து கீழாகக் கடப்பாரையால் தட்ட வேண்டும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. தட்டும்போது 'டங்' என்றால் உறுதி, 'பொத்' என்றால் பின்னால் வெற்றிடம். அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும் கல்லை மட்டும் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம், மேலே இருப்பதெல்லாம் சேர்ந்து இறங்கும்.

அப்புறம் விழுவதைப் பிடிக்க இடம். 1963-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில நெடுஞ்சாலைத் துறையில் ரிச்சி என்பவர் கற்களை உருட்டிவிட்டுப் பார்த்து, சரிவின் கோணத்துக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி அடிப்பள்ளத்தின் அகலத்தைச் சொன்னார். உயரமான முகத்துக்கு அது பல மீட்டர் கேட்கும். நம் மலைப்பாதையில் ஒரு மீட்டர் கிடைத்தாலே பெரிது. ஆகவே பள்ளத்தின் சாலைப் பக்க ஓரத்தில் கம்பிக்கூண்டுக் கல்சுவர் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு கற்கள் உதிரும் முகத்துக்குக் கம்பிவலையை உச்சியில் மட்டும் நங்கூரமிட்டுத் தொங்கவிடலாம். அடியைத் திறந்தே விடுங்கள். கட்டிவிட்டால் உள்ளே கல் சேர்ந்து வலையையே இழுத்துவிடும்.

பிறகுதான் போல்ட். பிளவைத் தாண்டி நல்ல பாறைக்குள் 2 மீட்டருக்குக் குறையாமல் போக வேண்டும். உள்முனையைக் கிரவுட்டில் (துளைக்குள் ஊற்றும் சிமென்ட் குழம்பில்) பிடிக்கவிட்டு, தகடு வைத்து நட்டை முறுக்கி, அதன்பின் மீதித் துளையை நிரப்புங்கள். குறைந்தது ஒன்றையாவது ஜாக் வைத்து இழுத்துப் பாருங்கள்.

முகம் முழுக்கக் கான்கிரீட் தெளிப்பது படத்துக்கு அழகாக இருக்கும். வடிகால் துளை இல்லாமல் தெளித்தால் தண்ணீரைப் பின்னால் பூட்டி வைத்தது போலத்தான்.

உயரம் பத்து மீட்டரைத் தாண்டினாலோ, மேலே வீடோ கீழே குடியிருப்போ இருந்தாலோ, இந்தக் குறிப்பை மூடிவிட்டு ஒரு பொறியியல் புவியியலாளரை அழையுங்கள்.

6. முடித்த பிறகு

சந்தேகமான விரிசலின் இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியை மி.மீ. கணக்கில் பாறையிலேயே பெயின்டால் தேதியுடன் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை, கனமழைக்குப் பின் ஒரு தடவை அளந்தால் போதும். இடைவெளி கூடிக்கொண்டே போனால் சாலையை மூடிவிட்டுப் பேசுங்கள். வடிகால் குழாய்களுக்குள் வேர் நுழையும். நீலகிரியில் ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று என்பதால் மே மாதமும் செப்டம்பரும் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்யும் மாதங்கள். அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.