இரு நிறத்தாரை ஒரே ஒளியில் வரைதல்

வேற்று இனத்தைச் சேர்ந்த ஒருவரை நேசிப்பவர் தம்மையும் அவரையும் ஒரே தைல ஓவியத்தில் தீட்ட முனைந்தால், வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே இருவரும் படத்தில் எங்கே, எப்படி இருப்பார்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஓவியங்களில் கறுப்பினத்தவர் பல நூற்றாண்டுகளாகப் படத்தின் ஓரத்தில் ஏவலராகவும், வெள்ளையரின் நிறத்தை எடுத்துக்காட்டும் பின்னணியாகவும் வைக்கப்பட்டனர். பிரெஞ்சு ஓவியர் எதுவார் மனே 1863இல் தீட்டிய ‘ஒலிம்பியா’வில் பூங்கொத்து ஏந்தி நிற்கும் கறுப்பினப் பணிப்பெண்ணின் முகம், பின்னாலுள்ள இருண்ட திரையோடு ஏறத்தாழக் கலந்துவிடுகிறது. அந்தப் படத்துக்கு முன்மாதிரியாக நின்ற பெண்ணின் பெயர் லோர் என்பதைப் பிற்கால ஆய்வாளர்களே கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். இத்தகைய படங்களைப் பார்த்துப் பழகிய கை தன்னையறியாமல் அதே அமைப்புக்குச் செல்லும் என்பதால், உள்ளங்கை அளவில் நான்கைந்து முன்வரைவுகள் போட்டு, இருவரையும் இடம் மாற்றி அமர்த்திப் பார்ப்பது நல்லது. ஒருவர் மற்றவர் தோளில் சாய்ந்திருக்கலாம், ஆனால் ஒருவர் மற்றவருக்குப் பின்னணியாகிவிடக் கூடாது. ஒளி ஒற்றைச் சன்னலிலிருந்து பக்கவாட்டில் விழட்டும். கருமை மிகுந்த மேனியுடையவர் சன்னலுக்கு அருகில் இருக்கட்டும்.

கூடுமானவரை இருவரையும் நேரில் பார்த்தே வரைய வேண்டும். ஒளிப்படத்தை நம்பியே வரைய நேர்ந்தால், கேமரா ஒரு முகத்துக்கு ஒளியைச் சரிசெய்யும்போது மற்ற முகத்தின் நுட்பங்களை விழுங்கிவிடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். கோடாக் நிறுவனத்தின் வண்ண அச்சுகள் வெகுகாலம் வெள்ளைப் பெண்களின் படங்கள் கொண்ட ‘ஷெர்லி அட்டை’களை அளவுகோலாக வைத்தே சரிபார்க்கப்பட்டன. ஆகவே ஒவ்வொரு முகத்துக்கும் ஏற்ற ஒளியளவில் தனித்தனியாக ஒரு படமும், இருவருக்கும் பொதுவாக ஒரு படமும் எடுத்து, மூன்றையும் அருகருகே வைத்து வரைய வேண்டும்.

வண்ணக் கலவையில்தான் மிகுந்த பொறுமை தேவை. இருவருக்கும் ஒரே குழாய்களைப் பயன்படுத்துங்கள்: பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), அல்ட்ராமெரைன் நீலம், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு), டைட்டானியம் வெள்ளை. சியென்னாவும் அல்ட்ராமெரைனும் சேர்ந்தால் ஆழமான, உயிருள்ள கருமை கிடைக்கும். அதில் சிறிது கிரிம்சன் சேர்த்தால் கரிய மேனியின் நிழல்கள் வெதுவெதுப்படையும். அதை வெளிறச் செய்ய வெள்ளையை எடுத்தால் முகம் சாம்பல் பூத்துவிடும் என்பதால், முதலில் ஓக்கரையும் சியென்னாவையும் கூட்டி, வெள்ளையைக் கடைசியில் மிகச் சிறிதளவு சேர்க்க வேண்டும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மின்னும் ஒளிப்புள்ளிகள் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே உள்ள வானத்தின் நீலத்தைத் தாங்கியிருக்கும். வெளிர் மேனிக்கு ஓக்கர், சிவப்பு, வெள்ளை ஆகியவற்றைக் கலந்து, நிழலுக்குத் துளி அல்ட்ராமெரைன் சேர்க்கலாம். காது மடலிலும் மூக்கு நுனியிலும் விரல் முட்டிகளிலும் சிவப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். ‘தோல் நிறம்’ என்று தயாராக விற்கப்படும் எந்தக் குழாயையும் வாங்க வேண்டாம். கிரேயோலா நிறுவனமே தன் வண்ணக்குச்சிக்கு இட்டிருந்த அப்பெயரை 1962இல் கைவிட்டு, ஒரு பழத்தின் பெயரான ‘பீச்’ என மாற்றியது. கருமையைத் தனி உலகமாகவே ஆராய விரும்புவோர் அமெரிக்க ஓவியர் கெரி ஜேம்ஸ் மார்ஷலின் படங்களைப் பார்க்க வேண்டும். ஐவரி, கார்பன், மார்ஸ் என்னும் மூன்று கறுப்புகளையும் அவர் மூன்று தனி நிறங்களாகவே கையாள்கிறார்.

இருவரும் தொட்டுக்கொள்ளும் இடத்தை அவசரமின்றித் தீட்டுங்கள். கன்னத்தில் கை பதிந்திருந்தால், கரிய கையின் செம்பழுப்பு வெளிர் கன்னத்தின் நிழலில் படரும்; வெளிர் முகத்தின் ஒளி கரிய மணிக்கட்டின் அடிப்பகுதியில் இளஞ்சிவப்பாகத் தெறிக்கும். இது கற்பனையன்று, கண்ணால் காணக்கூடிய ஒளியின் இயல்பு. ஒருவர் நிறம் மற்றவர் மேனியில் சிறிதளவு தங்குவதை வரையும் இந்த ஒரு சாண் பரப்பே முழு ஓவியத்திலும் அன்பு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுற்றியுள்ள பொருள்களைத் தேர்வதற்கு, 1983இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஓவியர் ஞிடேகா அகுன்யிலி கிராஸ்பியின் முறை சிறந்த வழிகாட்டி. வெள்ளை அமெரிக்கரான தம் கணவரோடு வாழும் இல்வாழ்க்கையைப் பல படங்களில் காட்டும் அவர், நைஜீரிய இதழ்களிலும் குடும்ப ஆல்பங்களிலும் உள்ள படங்களைக் கரைப்பான் கொண்டு தாளில் பதித்து, ஆடைகளிலும் சுவர்களிலும் தரையிலும் நிறைக்கிறார். தைல ஓவியத்தில் அவ்வாறு பதிக்க இயலாது என்றாலும், அதே எண்ணத்தைத் துணியின் கோலத்திலோ மேசை மீதுள்ள பாத்திரத்திலோ கொண்டுவரலாம். கொடி, சுற்றுலாச் சின்னம் போன்றவற்றைத் தவிர்த்து, உங்கள் துணைவர் சிறுவயதில் அன்றாடம் கையாண்ட பொருள் எது என்று அவரிடமே கேட்டு, அதை அவர் விவரிக்கும்படியே வரையுங்கள்.

வண்ணம் உலரும்போது பழுப்பிலும் கருமையிலும் உள்ள எண்ணெயை அடிப்பரப்பு உறிஞ்சிக்கொள்வதால் அவை மங்கிப்போகும். வெளிர் வண்ணங்கள் அந்த அளவுக்கு மங்குவதில்லை. இதனால் கரிய முகம் மட்டும் ஆழமிழந்து தட்டையாகத் தோன்றக்கூடும். தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும், மங்கிய இடங்களில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயை மெல்லத் தடவி, மிகுந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தால் நிறம் மீளும். குறைந்தது 6 மாதங்கள் கழித்து முழுப் படத்துக்கும் ஒரே சீராக வார்னிஷ் பூசுங்கள்.