பாஸ்டன் பக்கம் முழு லாப்ஸ்டர் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைப் போன சனிக்கிழமை துறைமுகம் பார்த்த ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஆளுக்கொரு முழு லாப்ஸ்டர். பில்லை வாங்கிப் பார்த்த அப்பா, மனசுக்குள்ளேயே ரூபாய்க் கணக்குப் போட்டுவிட்டு, வீடு வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லையாம். "தட்டுல கறியும் அவ்வளவா இல்லண்ணா" என்றார் தம்பி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன். கோடை வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையோடு வருகிறார்கள்.

அலர்ஜி இருந்தால் சாப்பிடாதீர்கள், வெள்ளைச் சட்டை போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

விலையும் ஓடும் கேட்காமல் ஆர்டர் செய்வது

மெனுவில் மற்ற எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கும். லாப்ஸ்டருக்கு நேரே மட்டும் 'மார்க்கெட் பிரைஸ்' என்று இருக்கும். அன்றன்றைக்கு விலை மாறுவதால் அப்படிப் போடுகிறார்கள், அதில் தப்பில்லை. கேட்டால் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை. விருந்தாளி முன்னால் விலை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிடுகிறோம்.

நான் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஜூலை மாதம், மாமனாரும் மாமியாரும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே கடல், மேசையில் வெள்ளைத் துணி. பரிமாற வந்தவர், "இன்று 2 பவுண்டு எடை லாப்ஸ்டர் நன்றாக இருக்கிறது" என்றார். சரி, நாலு பேருக்கும் அதையே கொண்டு வாருங்கள் என்றேன். தட்டு வந்தது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது, செக்கச்செவேலென்று, கொடுக்கு இரண்டும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. மாமியார் ஒரு கொடுக்கை இடுக்கியால் அழுத்தினார். பளிச்சென்று தண்ணீர் பீறிட்டு மேசை விரிப்பெல்லாம் நனைந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக்குக் கறி சுருங்கிக் கிடந்தது. "ஓடுதான் பெருசு, உள்ள பூரா தண்ணி மாப்பிள்ளை" என்றார். நம் கடலின் லாப்ஸ்டரான சிங்கி இறாலைப் பார்த்து வளர்ந்தவர், ஒரே நொடியில் சொல்லிவிட்டார். அன்றைய பில்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பணம் போனது ஒரு பக்கம். ஊரிலிருந்து அத்தனை தூரம் வந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தின் நல்ல சாப்பாட்டைக் காட்ட நினைத்து, சுமாரானதைக் காட்டிவிட்டேன்.

நடந்தது இதுதான். லாப்ஸ்டர் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். இந்தக் கடல் பகுதியில் பெரும்பாலும் கோடையில், ஜூலை வாக்கில் அது தொடங்குகிறது. புது ஓடு உடம்பைவிடப் பெரிதாக இருக்கும். மிச்ச இடத்தைக் கடல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். கறி வளர்ந்து ஓட்டை நிறைக்க மாதக் கணக்கில் ஆகும். தராசில் வைத்தால் அந்தத் தண்ணீரும் எடைதான். கெட்டி ஓட்டு லாப்ஸ்டர் என்றால் நாலைந்து பவுண்டு வாங்கினால் சுமார் ஒரு பவுண்டு கறி தேறும். மெல்லிய ஓடு, அதாவது சாஃப்ட் ஷெல் என்றால், அதே ஒரு பவுண்டு கறிக்கு ஆறேழு பவுண்டு வாங்க வேண்டியிருக்கும்.

சாஃப்ட் ஷெல் மட்டம் என்று சொல்லவில்லை. அதன் கறி இனிப்பாக இருக்கும், ஓட்டைக் கையாலேயே உடைக்கலாம். மெய்ன் மாநிலத்தில் அதைத்தான் தேடிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. ஆனால் அதற்கென்று தனி விலை உண்டு, கெட்டி ஓட்டைவிடக் குறைவு. கெட்டி ஓட்டின் விலையைக் கொடுத்துத் தண்ணீரை வாங்கி வருவதுதான் தவறு.

ஆகவே உட்காரும் முன்பே மூன்று கேள்விகள்: இன்று பவுண்டு என்ன விலை? ஒன்று எத்தனை பவுண்டு இருக்கும்? ஓடு கெட்டியா, மெல்லியதா? தொட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் கடையானால் உடம்பின் பக்கவாட்டு ஓட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் சாஃப்ட் ஷெல். பளபளவென்று கீறலே இல்லாமல் இருந்தாலும் பெரும்பாலும் புது ஓடுதான். கெட்டி ஓடு கறுத்து, கீறல் விழுந்து, பழைய பாத்திரம்போல இருக்கும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நம் ஊரில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாராவது மீன் வாங்குவார்களா?

பெரியதுதான் நல்லது என்று எண்ணுவது

ஒருவருக்கு ஒன்றேகால் பவுண்டு போதும். எடை கூடக்கூடப் பவுண்டு விலையும் ஏறும். பசி மிச்சமிருந்தால் சின்னதாக இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள்ளேயே தேடுவது

பாஸ்டனுக்குள் நல்ல இடமே இல்லை என்று இல்லை. ஆனால் வெள்ளைத் துணி விரிக்காத, கையால் பிய்த்துச் சாப்பிடுகிற லாப்ஸ்டர் வேண்டுமானால் வடக்கே கேப் ஆன் என்ற கடலோரப் பகுதிக்குப் போய்விடுங்கள். காரில் ஒரு மணி நேரம். நான் விருந்தாளிகளைக் கூட்டிப்போவது அங்கே இருக்கும் ராக்போர்ட் என்ற ஊருக்கு. பாஸ்டன் நார்த் ஸ்டேஷனிலிருந்து ரயிலே போகிறது, வார இறுதியில் அங்கே கார் நிறுத்த இடம் தேடுவதைவிட அது மேல். பேர்ஸ்கின் நெக் என்ற குறுகலான தெருவில் ராய் மூர் என்ற சின்ன மீன் கடை இருக்கிறது. முன்பக்கம் பணம் கட்டினால் வெந்த லாப்ஸ்டரைத் தட்டில் வைத்து, உருக்கிய வெண்ணெயோடு தருவார்கள். எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனால் துறைமுகத் தண்ணீருக்கு மேலேயே மரத்தளம். ஊருக்கு வடக்கே ஃபாலி கோவ் கரையில் லாப்ஸ்டர் பூல் என்று ஒன்று. புல்வெளியில் மர மேசைகள், மேற்கே பார்த்த கடல். சூரியன் இறங்கும் நேரத்துக்குப் போங்கள். எசெக்ஸில் 1914இல் தொடங்கிய உட்மன்ஸ் இருக்கிறது. வறுத்த கிளாம் என்ற சிப்பிக்குத்தான் அதற்குப் பெயர், லாப்ஸ்டரும் நன்றாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட கடைகள் பல குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும். கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள்.

வால் நீட்டிக்கொண்டிருந்தும் வாங்கிக்கொள்வது

உயிரோடு வேகவைத்ததன் வால் உள்பக்கமாகச் சுருண்டு நிற்கும். இழுத்து விட்டால் தளர்ந்து கிடக்கிறதா? திருப்பிக் கொடுங்கள்.

பச்சைக் கூழைத் தின்பது

வேண்டாம். உடம்புக்குள் இருக்கும் அந்தப் பச்சைக் கூழ் அதன் ஈரலும் கணையமும் சேர்ந்தது. கடல் நச்சு சேரும் இடம் அது. தின்ன வேண்டாம் என்று மாசசூசெட்ஸ் சுகாதாரத் துறையே சொல்கிறது. சிவப்பாக இருப்பது முட்டை, அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

மிளகாய்ப் பொடியோடு தொடங்குவது

முதல் கொடுக்கு மட்டுமாவது வெறும் வெண்ணெயோடு.

வாலோடு எழுந்துவிடுவது

நம் கடலின் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, வால்தான் எல்லாம். அந்தப் பழக்கத்தில் பலர் வாலை முடித்ததும் கை கழுவப் போய்விடுகிறார்கள். இந்த லாப்ஸ்டரில் கொடுக்குக் கறிதான் மெத்து. அதைவிட ருசி, கொடுக்கையும் உடம்பையும் இணைக்கும் கணுக்களில் இருக்கிறது. ஓட்டைக் கத்தரிக்கோலால் கிழித்து விரலால் தள்ளினால் முழுசாக வரும். அப்புறம் கால்கள். ஒவ்வொன்றாகப் பிய்த்து, முருங்கைக்காயைப் போலப் பல்லால் அழுத்தி இழுக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து மாமியார் மறுபடி வந்தபோது ராக்போர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். அக்டோபர் முதல் வாரம், ஒன்றேகால் பவுண்டு, கெட்டி ஓடு. பின்பக்கத் தளத்தில் உட்கார்ந்து எட்டுக் கால்களையும் அவர் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி ரயிலுக்கு நேரமாகிறது என்று நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.