பழைய சமையல் புத்தகங்களைச் சேகரிப்பதும் படிப்பதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

முந்தைய தலைமுறைகளின் அன்றாடச் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள, அரண்மனை விருந்துகளைப் பற்றிய பதிவுகளைவிடச் சாதாரண வீடுகளில் புழங்கிய சமையல் புத்தகங்களே அதிகம் உதவும். ஆனால் அச்சில் உள்ள குறிப்புகள், மக்கள் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நூலாசிரியர் விரும்பினார் என்பதைத்தான் முதலில் சொல்கின்றன. உண்மையில் அடுப்பேறியது எது என்பதை, புத்தகத்தைப் பயன்படுத்தியவர்கள் அதில் விட்டுச்சென்ற தடங்களிலிருந்துதான் ஊகிக்க முடியும். எதை வாங்குவது என்ற முடிவையும் இந்த வேறுபாட்டை வைத்தே எடுக்க வேண்டும்.

படி 1: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரி நிறையுமே தவிர, ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் அமையாது. ஒரு காலகட்டம், ஒரு வகை உணவு, அல்லது ஒரே நூலின் பல பதிப்புகள் என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், சங்கங்களும் குழுக்களும் நிதி திரட்டுவதற்காகத் தொகுத்த நூல்களையும், அடுப்பு நிறுவனங்களும் பேக்கிங் பவுடர் நிறுவனங்களும் விளம்பரத்துக்காக அச்சிட்ட சிறு கையேடுகளையும் முதலில் தேடச் சொல்வேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நிதி திரட்டும் கண்காட்சிக்காக வெளியான நூல் முதல் வகையின் முன்னோடி. அதன் பிறகு வந்த இத்தகைய தொகுப்புகள் பலவற்றில், ஒவ்வொரு குறிப்பின் கீழும் அதைக் கொடுத்தவரின் பெயர் இருக்கும். புகழ்பெற்ற சமையல் வல்லுநரின் நூலைவிட இவை வீட்டுச் சமையலறைக்கு நெருக்கமானவை.

காசு செலவழிப்பதற்கு முன், இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற மின்னூலகங்களில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய நூல்கள் சிலவற்றைப் படித்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

படி 2: வாங்கும்முன் சோதியுங்கள்

பக்கங்கள் விடுபட்டிருக்கின்றனவா, தையல் தளர்ந்திருக்கிறதா, பூஞ்சை வாடை வீசுகிறதா என்று பாருங்கள். பூஞ்சை பிடித்த ஒரு புத்தகம் அலமாரியில் உள்ள மற்றவற்றையும் கெடுத்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுவதே சரி. எண்ணெய்க் கறைக்கும் ஓரக் குறிப்புகளுக்கும் தயங்க வேண்டாம். உணவுப் பழக்கத்தை ஆராய்பவருக்குச் சுத்தமான பிரதியைவிட அழுக்கான பிரதியே மதிப்பு மிக்கது. 19ஆம் நூற்றாண்டில் பளிச்சென்ற பச்சைத் துணியில் கட்டப்பட்ட சில நூல்களின் அட்டைச் சாயத்தில் ஆர்சனிக் உண்டு. அப்படிப்பட்ட நூலைக் கையுறையுடன் எடுத்து, உறையிலிட்டுத் தனியே வையுங்கள்.

படி 3: காலத்தைக் கணியுங்கள்

தலைப்புப் பக்கம் கிழிந்துபோன நூலுக்கும் ஓரளவு வயது சொல்லிவிடலாம். பேக்கிங் பவுடர் பயன்படும் குறிப்பு இருந்தால், அந்த நூல், ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பேக்கிங் பவுடரின் ஆரம்ப வடிவத்தை உருவாக்கிய 1843க்குப் பிற்பட்டது. ‘மிதமான அடுப்பு’, ‘வேகமான அடுப்பு’ என்று மட்டும் இருந்தால், சமைப்பவர் கையை நீட்டியோ மாவைத் தூவியோ சூட்டை அறிந்த காலம் அது. வெப்பக் கட்டுப்பாடு உள்ள கேஸ் அடுப்புகள் 1920களில் பரவிய பிறகே குறிப்புகளில் எண்கள் பெருகின. தலைதட்டிய கப், கரண்டி அளவுகளை வலியுறுத்தியவர் அமெரிக்கச் சமையல் ஆசிரியர் ஃபேனி ஃபார்மர். அவருடைய நூல் 1896இல் வெளியானது. இந்தத் தடயங்கள் நூல் எதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே உறுதிசெய்யும். பழைய குறிப்புகளை அப்படியே பல பத்தாண்டுகள் மறுபதிப்பு செய்த பதிப்பகங்கள் ஏராளம்.

படி 4: பாதுகாத்து வையுங்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மரக்கூழிலிருந்து செய்த தாள்களில் அமிலம் இருப்பதால் அவை பழுத்து, ஒடிந்துவிடும். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது.

படி 5: ஐந்து முறை படியுங்கள்

உணவு வரலாற்றாளர் பார்பரா வீட்டன் வகுத்த முறை இது. ஒரே நூலை முதலில் பொருள்களுக்காகவும், அடுத்துச் சமையலறைக்கும் கருவிகளுக்குமாகவும், மூன்றாவதாக உணவு வேளைகளுக்காகவும், பிறகு நூல் உருவான விதத்துக்காகவும், கடைசியில் அதன் பின்னுள்ள உலகப் பார்வைக்காகவும் படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் விவரங்களை ஒரு நோட்டில் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்.

எடுத்துக்காட்டாக, 1861இல் லண்டனில் வெளியான இசபெல்லா பீட்டனின் நூல், பெரிய கேரட்டுகளை ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கும் மேலாக வேகவைக்கச் சொல்கிறது. அதை அந்தக் காலத்து ரசனைக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. நன்கு வேகாத காய்கறி செரிக்காது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது என்பதையும், அவ்வளவு நேரம் அடுப்பை எரியவிடவும் பார்த்துக்கொள்ளவும் அந்த வீடுகளில் வசதியும் ஆளும் இருந்தன என்பதையும் அந்த ஒற்றை எண் காட்டுகிறது. அதேபோல, பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை நீடித்த ரேஷன் காலக் கையேடுகளில் முட்டைத்தூளும், சர்க்கரையைக் குறைக்க உதவிய துருவிய கேரட்டும் அடிக்கடி வருவதைக் கவனியுங்கள்.

பிறகு தடங்களுக்கு வாருங்கள். எந்தப் பக்கத்தில் புத்தகம் தானாகத் திறக்கிறது, எங்கே வெண்ணெய்க் கறை, எங்கே பென்சிலால் ‘சர்க்கரை பாதி போதும்’ என்பதுபோல் எழுதியிருக்கிறது, எந்த அத்தியாயம் திறக்கப்படாமலே இருந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, முதலில் எழுதிய ஐந்து பத்திகளோடு ஒப்பிடுங்கள். முன்னுரை முழுக்கக் காய்கறியைப் புகழ்ந்திருக்க, கறையெல்லாம் கேக் பக்கங்களில் மட்டும் இருப்பதைப் பார்க்க நேரலாம். அதற்காக அந்த வீட்டார் காய்கறியே சாப்பிடவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தினமும் செய்யும் பண்டத்துக்கு யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை.

படி 6: சமைத்துப் பாருங்கள்

அளவு எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, பைண்ட் என்ற திரவ அளவு இரு நாடுகளில் வேறுபடும்: பிரிட்டிஷ் பைண்ட் சுமார் 568 மில்லி. அமெரிக்க பைண்ட் சுமார் 473 மில்லி. காய்கறியையும் இறைச்சியையும் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தும் பழைய குறிப்புகளைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: அவற்றில் சொல்லப்படும் சூடு, உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகளை அழிக்கப் பெரும்பாலும் போதாது.