விட்டுவிட்டு ஓடும் ஹீட்டர் புளோவர்: பழைய காரில் பழுதைக் கண்டறிவது எப்படி

பழைய காரின் ஹீட்டர் புளோவர், அதாவது கேபினுக்குள் காற்றை ஊதும் விசிறி, ஒருநாள் ஓடி மறுநாள் ஓடாமல் இருந்தால், அதைச் சின்னத் தொல்லை என்று பலர் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மழைக்கால மாலையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும்போது, அதை விலக்கி எதிரே வரும் வண்டியைக் காட்டுவது அந்தக் காற்றுதான்; கொண்டை ஊசி வளைவில் அது நின்றுபோனால் ஓட்டுபவர் கண் தெரியாதவராகிவிடுகிறார். மேலும், விட்டுவிட்டு ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது எங்கோ ஓர் இணைப்பு சூடேறிக் கருகிக்கொண்டிருப்பதே. ஆகவே இது தள்ளிப்போடக்கூடிய வேலை அன்று.

மின்சாரம் செல்லும் வழியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், ஃபியூஸ், சில வண்டிகளில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பிறகு வேகத்தை மாற்றும் சுவிட்ச், ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் தடை), மோட்டார், கடைசியாக எர்த் (வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) என்பதே பொதுவான அமைப்பு. ஜப்பானிய வடிவமைப்பு கொண்ட பல கார்களில் வேக சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்குப் பிறகு, எர்த் பக்கத்தில் இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை வயரிங் படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

எந்தெந்த வேகத்தில் நிற்கிறது என்பதே முதல் தடயம். அதிக வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால், குற்றவாளி பெரும்பாலும் ரெசிஸ்டர்தான். ஏனெனில் அதிக வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குச் சென்றுவிடுகிறது. ஒரே ஒரு வேகம் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் ரெசிஸ்டரின் ஒரு சுருளையோ சுவிட்சின் ஒரு முனையையோ சந்தேகிக்கலாம். எல்லா வேகங்களும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போகின்றன என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபியூஸ், சாவி சுவிட்ச், மோட்டார், எர்த் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். ரிலே இல்லாத பழைய வண்டிகளில் புளோவரின் முழுச் சுமையும் சாவி சுவிட்ச் வழியாகவே போகும். சாவியை இலேசாக அசைக்கும்போது காற்று வந்துவந்து போனால் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இத்தகைய பழுதில் பலரும் ஏமாறும் இடம் மல்டிமீட்டர்தான். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகமிகக் குறைவு. எனவே ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும், பாதி கருகிய டெர்மினலிலும் (வயர் நுனியில் உள்ள உலோக முனை), மோட்டாரைக் கழற்றிவிட்டு அளந்தால், அது 12 வோல்ட் என்றே காட்டும். "சப்ளை வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது" என்ற தவறான முடிவுக்கு நல்ல மோட்டார்கள் பல பலியாகியிருக்கின்றன. சோதனை எதுவானாலும் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) மாட்டியபடியே, சுமை இருக்கும்போதே செய்யப்பட வேண்டும். அதிலும் பழுது வெளிப்பட்டிருக்கும் அந்த நேரத்தில் செய்யப்பட வேண்டும்.

பழுது எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது என்பதால், ஒரு பிரேக் லைட் பல்பை, அதாவது 12 வோல்ட், 21 வாட் பல்பை, ஹோல்டரோடு மோட்டாரின் இரண்டு முனைகளிலும் இணையாகப் பொருத்தி, வேகத்தை அதிகபட்சத்தில் வைத்து வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். பல்ப் நன்றாகச் சூடேறும். துணியோ பிளாஸ்டிக்கோ படாமல் கட்டிவைக்க வேண்டும், அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட வேண்டும். காற்று நிற்கும்போது பல்ப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தால் பழுது மோட்டாருக்குள் இருக்கிறது. பல்பும் அணைந்தாலோ மங்கினாலோ மின்சாரம் வரும் வழியிலோ எர்த்திலோ இருக்கிறது. எந்தப் பக்கம் என்று பிரிக்க, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மோட்டாரின் இரு முனைகளையும் தனித்தனியே பாடியின் எர்த்தோடு அளக்க வேண்டும்: இரண்டும் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் எர்த் பக்கம் அறுந்திருக்கிறது, இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் பாசிட்டிவ் பக்கம் அறுந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றுள் இதைவிட நம்பகமான வழி வேறில்லை.

வழியில்தான் பழுது என்று தெரிந்தால், புளோவர் முழு வேகத்தில் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் பாசிட்டிவிலும் வைத்து, இடையில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பாருங்கள். அரை வோல்ட் வரை போவது இயல்பு. ஒரு வோல்ட்டைத் தாண்டினால், மீட்டர் முனையைக் கப்ளர் கப்ளராக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அளவு சட்டென்று குதிக்கும் இடமே பழுதான இடம். எர்த் பக்கத்தையும் பேட்டரி நெகட்டிவிலிருந்து இதே முறையில் அளக்கலாம். மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு டெர்மினலில் வெறும் 0.1 ஓம் தடை ஏற்பட்டாலும் 1.5 வோல்ட் அங்கேயே தொலைகிறது, 22.5 வாட் வெப்பம், ஏறத்தாழ ஒரு பிரேக் லைட் முழுவதும் எரியும் அளவு, கப்ளருக்குள்ளேயே உண்டாகிறது. அத்தகைய கப்ளரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு குழியைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும், டெர்மினல் தன் பளபளப்பை இழந்து நீலம் பாய்ந்திருக்கும், வயரின் உறை விறைத்துப்போய் வளைத்தாலே வெடிக்கும். ஃபியூஸின் கால்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மோட்டார்தான் பழுது என்றால் அறிகுறிகள் தெளிவாகவே இருக்கும். உறையை இலேசாகத் தட்டினால் ஓடத் தொடங்குவது கார்பன் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கட்டை) தேய்ந்ததற்கோ அதன் கூட்டில் சிக்கிக்கொண்டதற்கோ அடையாளம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியபின் விசிறியைக் கையால் சுழற்றிவிட்டால் அது தடையின்றிச் சற்றுச் சுற்றி நிற்க வேண்டும்; உடனே நின்றால் புஷ் (மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்திருக்கிறது அல்லது இலைச் சருகு சிக்கியிருக்கிறது. கேபின் ஃபில்டர் இல்லாத பழைய வண்டிகளை மரத்தடியில் நிறுத்தும் வழக்கம் இருந்தால், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம் வழியாகச் சருகு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. இறுகிச் சுழலும் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அதனால் கப்ளர் கருகும், சுவிட்ச் எரியும், ரெசிஸ்டரில் உள்ள வெப்ப ஃபியூஸ் அறுந்துபோகும். கருகிய கப்ளரை மட்டும் மாற்றிவிட்டு மோட்டாரை அப்படியே விட்டால், புதிய கப்ளரும் கருகும். ரெசிஸ்டர் காற்றுக் குழாய்க்குள் பொருத்தப்பட்டிருப்பது அந்தக் காற்றிலேயே அது குளிர வேண்டும் என்பதற்காகத்தான்; அதை வெளியே தொங்கவிட்டுச் சோதிப்பதும், சருகு மூடிய நிலையில் விடுவதும் தீயை வரவழைக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய அளவு ஃபியூஸ் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

கருகிய டெர்மினலைச் சுரண்டிவிட்டு மறுபடி மாட்டுவது நிலைக்காது, ஏனெனில் சூடேறிய உலோகம் தன் பிடியை இழந்துவிடுகிறது. வயரை அதன் செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டி, அதே தடிமனுள்ள வயரில் புதிய கப்ளரைக் கிரிம்ப் செய்து (டெர்மினலை வயரோடு இறுக நசுக்கி) பொருத்த வேண்டும். வேலை முடிந்தபின் புளோவரை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, கப்ளரையும் ஃபியூஸையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், விரலை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால், மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அளந்த பிறகே வண்டியை மலையேற்ற வேண்டும்.