பழைய லாரியில் நாசில் ஒழுகுதா? ஸ்பேனரை எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கேபினுக்குள் டீசல் வாடை, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் உட்காரும் ஹெட் ஓரத்தில் ஈரம். இதைப் பார்த்ததும் நம் ஆட்களின் கை நேராக 17 ஸ்பேனருக்குத்தான் போகும். எங்கே கசிகிறது என்று பார்க்காமல் அகப்பட்ட நட்டையெல்லாம் ஒரு கால் சுற்று இறுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் நின்றதுபோல இருக்கும், அப்புறம் பைப் முனையின் கூம்பு நசுங்கி முன்பைவிட மோசமாக ஒழுகும். பாதி வண்டிகளில் ஒரு காப்பர் வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பைப், நாசிலைத் தாங்கும் ஹோல்டர் என்று இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

நான் சொல்வது மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும். டாடா 697 எஞ்சின், பழைய லேலண்டு போல இன்லைன் பம்பு (சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் டீசல் தள்ளும் பம்பு) உட்கார்ந்திருக்கும் வண்டிகள். மைக்கோ கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, பட்டறைகளில் இன்னும் மைக்கோ பம்பு என்றுதான் சொல்கிறோம், அந்தப் பம்புதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் பிரஷர் 1,000 பாரைத் தாண்டும். அதில் எஞ்சின் ஓடும்போது எந்த நட்டையும் தொடக்கூடாது.

பழைய வண்டிதானே என்று இதையும் லேசாக நினைக்காதீர்கள். லாரி டயருக்கு 120 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். நாசில் திறக்கும் பிரஷர் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், 200 பார் என்று வைத்தால்கூட அதே கணக்கில் 2,900 வரும். ஊசித்துளை வழியாக அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது, சில மணி நேரத்தில் கை வீங்கும், விரலே போகலாம். அதனால் ஓடும் எஞ்சினில் கையை வைத்துக் கசிவைத் தேடவே கூடாது, ஓர் அட்டையைப் பக்கத்தில் நீட்டிப் பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் கழுவிக்கொண்டு உட்காராமல் அப்போதே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷரில் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

சரி, கசிவைக் கண்டுபிடிப்போம். எஞ்சின் ஆறியிருக்கும்போது பிரஷ்ஷால் டீசல் தடவி அழுக்கைக் கழுவி, காற்றடித்து, துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் முகப் பவுடரை எல்லா இன்ஜெக்டர் (ஹோல்டரும் நாசிலும் சேர்ந்தது) மேலும் லேசாகத் தூவி, எஞ்சினை ஐடிலில் விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பவுடர் முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கேதான் கோளாறு. டீசல் கீழே வழிந்துகொண்டே போகும், அதனால் ஈரமாக இருக்கும் இடங்களில் மேலே இருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

பம்பிலிருந்து இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுவரும் டெலிவரி பைப் நட்டில் என்றால், எஞ்சினை நிறுத்தி, நட்டைக் கழற்றி, கூம்பைத் துடைத்துப் பாருங்கள். தூசியோ மணலோ ஒட்டியிருந்தால் சுத்தம் செய்து மாட்டினாலே நின்றுவிடும். மாட்டும்போது நட்டைக் கையாலேயே கடைசி வரை ஏற்ற முடிய வேண்டும், முடியாவிட்டால் பைப் நேராக உட்காரவில்லை என்று அர்த்தம். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று ஹோல்டரைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. கூம்பில் கோடு விழுந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ பைப்பையே மாற்றுங்கள். டெஃப்லான் டேப், எம்சீல் எதுவும் இந்தப் பிரஷருக்கு நிற்காது. புதுப் பைப்பும் சீக்கிரம் விரிசல் விட்டால் பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பைத் தேடுங்கள், முன்பு கழற்றியவர் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார், அதிர்விலேயே பைப் போயிருக்கும்.

மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப்பில் என்றால் வேலை சுலபம். பான்ஜோ போல்ட்டுக்கு (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) மேலும் கீழும் இருக்கும் இரண்டு காப்பர் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். ரப்பர் ஹோஸ் உப்பியிருந்தால் டீசலுக்கென்று விற்கும் ஹோஸ்தான் போட வேண்டும். ரிட்டர்ன் லைன் ஹெட்டை மூடும் டேப்பெட் கவருக்குள் ஓடும் எஞ்சின் என்றால் கசிவு வெளியே தெரியாது, டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறி, ஆயிலில் டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம், பேரிங் போய்விடும்.

மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றுவது. இன்ஜெக்டர் ஹெட்டுக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகப் படிந்திருக்கும், ஐடிலில் சுக் சுக் என்று சத்தம் வரும், சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழியிடும். அங்கே வருவது டீசல் இல்லை, சிலிண்டர் கம்ப்ரெஷன். நாசிலுக்கு அடியில் உள்ள வாஷர் செத்துவிட்டது. இன்ஜெக்டரைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது பழைய வாஷர் கூடவே வந்ததா என்பதை. என் வண்டியில் ஒருமுறை அது கார்பனோடு கார்பனாகக் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது தெரியாமல் மேலே இன்னொன்றைப் போட்டு மாட்டிவிட்டேன். நாசில் ஒரு வாஷர் கனத்துக்கு மேலே நின்றுவிட்டது. கசிவு நின்றது, ஆனால் வண்டி புகை தள்ளிக்கொண்டு மேட்டில் இழுக்காமல் போனது. பம்பைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் கறுத்த வளையம். அன்றிலிருந்து கழற்றும் வாஷர்களை வரிசையாக வைத்து எண்ணாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

குழியைச் சுரண்டும்போது கருவியில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள், கார்பன் அதில் ஒட்டிக்கொண்டு வரும். மீதியை வெளியேற்ற, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்தால் போதும், குழிக்கு நேராக யாரும் குனிந்து நிற்கக் கூடாது. புது வாஷர் அதே கனத்தில் இருக்க வேண்டும். நடுவழியில் கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் காப்பர் மிருதுவாகும், ஊர் வந்து சேர அது தாங்கும். இன்ஜெக்டரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் நட் இரண்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இன்ஜெக்டர் சாய்ந்து மறுபடி ஊதும்.

கழற்றியதோடு கழற்றியதாக நாசிலைப் பம்புக் கடையில் டெஸ்ட் போட்டுவிடுங்கள். மூடுபனி மாதிரி அடிக்க வேண்டும். திறக்கும் பிரஷருக்கு 20 பார் குறைவாகப் பிடித்து 10 விநாடி வைத்தால் முனையில் சொட்டுத் தொங்கக் கூடாது. சொட்டினால் உள்ளேயும் ஒழுகுகிறது, அந்தச் சொட்டு நாளைக்குப் பிஸ்டன் தலையைப் பொத்தலாக்கும்.

மாட்டியதும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்குரூவையும் பம்பு ஸ்குரூவையும் வரிசையாகத் திறந்து, குமிழி நிற்கும் வரை ஹேண்ட் பிரைமரை (கைப் பம்பை) அடியுங்கள். பிறகு டெலிவரி நட்டுகளை இன்ஜெக்டர் பக்கம் அரைச் சுற்றுத் தளர்த்தி, துணி போர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்கிவிடுங்கள். முதல் லோடு இறக்கி வந்ததும் எஞ்சின் ஆறட்டும், பவுடரைத் தூவி இன்னொரு முறை பாருங்கள்.