மதியச் சாப்பாட்டுக்குக் கோன்ஜாக் நூடுல்ஸ் கட்டும்போது செய்யும் தவறுகள்

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. அட்டையில் தினை, கேழ்வரகு என்று போட்டிருந்தால் கலோரி குறைவு என்று நினைத்து வாங்கிவிடுகிறோம். உலர்ந்த நூடுல்ஸ் எந்தத் தானியமானாலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. நிஜமாகவே குறைவு என்றால் தண்ணீரோடு பாக்கெட்டில் வரும் கோன்ஜாக்தான். 100 கிராமுக்குச் சுமார் 10 கலோரி. நம் சேனைக்கிழங்குக்கு உறவுக்காரக் கிழங்கின் மாவில் செய்வது. பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் நார்ச்சத்து.

பாக்கெட்டைப் பிரித்ததும் லேசாக மீன்வாடை அடிக்கும். கெட்டுப்போய்விட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். வடிதட்டில் கொட்டி நன்றாக அலசி, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். இதோடு நிறுத்திக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. எண்ணெய் விடாத வாணலியில் போட்டு, ஆவி அடங்கி, இழைகள் சட்டியில் உரசிக் கீச்சிடும் வரை புரட்ட வேண்டும். இதை விட்டால் மதியம் டிபன் பாக்ஸுக்கு அடியில் ரசம் மாதிரி தண்ணீர் நிற்கும், மசாலாவும் ஒட்டாது. சுடச்சுட மூடினாலும் இதே கதைதான்.

ஊட்டிக்காரர்களுக்குத் தனியாக இரண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நூடுல்ஸுக்குக் கவலையில்லை, பீன்ஸும் பட்டாணியும்தான் நறுக் நறுக்கென்று நிற்கும். குக்கரில் ஒரு விசில் விடுங்கள். அடுத்தது தேங்காய் எண்ணெய்த் தாளிப்பு. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மதியம் திறந்தால் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். நல்லெண்ணெயே போதும்.

வெறும் நூடுல்ஸும் முட்டைக்கோஸும் கட்டிக்கொண்டு போவது என் கணக்கில் பெரிய தவறு. புரதமே இல்லை. நாலு மணி டீயோடு வர்க்கி பிஸ்கட் ஒவ்வொன்றாக உள்ளே போகும், மிச்சம் பிடித்த கலோரி அங்கேயே தீர்ந்துவிடும். முட்டை, பனீர், வேகவைத்த கொண்டைக்கடலை, ஏதாவது ஒன்று கட்டாயம் சேருங்கள். மற்ற நூடுல்ஸோடு வரும் மசாலாப் பொடியைக் கொட்டாதீர்கள், உப்பு அதிகம். மிளகும் பூண்டும் போதும்.

குளிர் ஊர்தானே, கெடாது என்று முட்டை போட்டுக் கட்டியதை மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்ச் சாவகாசமாகச் சாப்பிடலாமென நினைக்காதீர்கள். கீழே வெயில் வேறு. மீந்ததை ஃப்ரீசரில் வைத்தால் ரப்பராகிவிடும்.

சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம், வழுக்கிக்கொண்டு தொண்டையில் சிக்கலாம். பெரியவர்களும் நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நார்ச்சத்து பழகாத வயிறு உப்பும். முதலில் அரை பாக்கெட் மட்டும் கட்டுங்கள்.